தாங்கிக்குள் போன பொங்கல்

எனக்குக் கழுவப் பிடிக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். ஜெர்மனியில் ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு மாரடித்துவிட்டு வருகிறவள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்தானே? நான் வந்ததும் வாளியைத் தேடுவேன்.

ஜெர்மன் வீடுகளில் எனக்குப் பிடிக்காத ஒரே விசயம், தரையில் தண்ணீர் போக வழி இல்லாதது. குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அது அப்படியே நின்று நம்மையே பார்க்கும். இருபத்திரண்டு வருடம் மாடி வீடொன்றில் ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டு, அதைச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தேன். ஆகவே நகர எல்லையில் இந்தப் பழைய வீட்டைப் பார்க்கப் போன அன்று நான் அறைகளைப் பார்க்கவில்லை. பின்பக்கம் கல் பதித்த முற்றம் ஒன்று இருந்தது. அதில் நாலடி இடைவெளியில் இரண்டு வட்ட இரும்பு மூடிகள் இருந்தன. மூடி இருந்தால் கீழே குழி இருக்கும். குழி இருந்தால் தண்ணீர் போகும். எனக்கு வீடு பிடித்துவிட்டது.

வீட்டை விற்றவர் வயதான மனிதர். அன்று நல்ல மழை. பின்கதவில் நின்றபடியே கைத்தடியை வெளியே நீட்டி, ஹைசுங்கைப் பற்றி, அதாவது வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தைப் பற்றி, என் கணவருக்கு முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். முற்றத்துக்குக் கீழே எண்ணெய்த் தாங்கி புதைந்திருக்கிறது. எண்ணெய் லொறி வந்தால் முன்சுவரில் இருக்கும் குழாய் வழியாக நிரப்பிவிட்டுப் போகும். தாங்கியின் வாய் அதோ அந்த மூடிக்குக் கீழே. அதற்குள் தண்ணீர் மட்டும் போகவே கூடாது. எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். அடியில் தங்கிய தண்ணீரை இயந்திரம் உறிஞ்சினால் நெருப்பு அணைந்துவிடும், வீடு விறைத்துவிடும். நான் அந்த நேரம் குசினியில் அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த கணவரின் முகம் தீட்சை கேட்டவரின் முகம் போல இருந்தது.

"தண்ணி படக்கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று தொடங்கிய காவல் இரண்டு வருடம் நடந்தது.

முதலில் மூடிக்கு மேலே ஒரு படங்கை, அதாவது தார்ப்பாயை, விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தார். பிறகு அதற்கு மேலே கடற்கரைக் குடை ஒன்றை நட்டார். காற்று அடித்தால் ஓடிப் போய்க் குடையை நிமிர்த்துவார். ஒருமுறை கல்யாண வீடொன்றுக்கு வெளிக்கிட்டு, கோட்டு சூட்டோடு காரில் ஏறிய பிறகு இரண்டு துளி மழை விழுந்தது. மனிதர் இறங்கி ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது கழுத்துப்பட்டியில் சேறு. தாலி கட்டுவதை நாங்கள் பார்க்கவில்லை.

எனக்கு அவர் தந்த உத்தரவை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இங்கே எழுதிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

"இஞ்சேரும், அந்த மூடிக்குக் கிட்டப் போகக்கூடாது. கழுவிறதெண்டால் மற்ற மூடியிலை வைச்சுக் கழுவும்."

கட்டின மனிசன் சொல்லைத் தட்டக்கூடாது என்று அன்றைக்குப் பார்த்து எனக்குத் தோன்றியது. மற்ற மூடியில் வைத்துக் கழுவினேன். அதை எப்படிச் சொல்வது! கிடாரம் கழுவினேன், மீன் கழுவினேன், கால்மிதி, சப்பாத்து, ஜன்னல் திரைச்சீலை, ஒருநாள் சும்மா இருந்த கதிரைகளையும் கொண்டுபோய்க் கழுவினேன். தண்ணீர் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, களுக் என்று உள்ளே போகும். அந்தக் களுக் சத்தத்துக்காகவே இன்னொரு வாளி ஊற்றுவேன். மழை பெய்தால் ஒரு அதிசயம் நடக்கும். கணவரின் படங்கு மூடிப் பக்கம் மேடுபோல நிற்க, முற்றத்துத் தண்ணீர் முழுக்க என் மூடியை நோக்கி ஓடி வரும். நான் தும்புக்கட்டையால் தள்ளித் தள்ளி அதையும் உள்ளே அனுப்பிவைப்பேன்.

இப்படி நாங்கள் சந்தோசமாக இருந்தபோதுதான் மகளுக்குப் பிள்ளை வரப்போகிற செய்தி வந்தது.

மகள் வுப்பர்டாலில் இருக்கிறாள். மருமகன் நல்ல பிள்ளை. அவருடைய தாயாரும் அதே ஊரில், அடுத்த தெருவில். முதல் பிள்ளை, ஆகவே மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய் வீட்டுக்கு வர வேண்டும், முப்பத்தொரு நாள் என்னிடம் இருக்க வேண்டும். இதில் பேச என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். பேச இருந்தது. ஏழாம் மாதம் பலகாரங்களோடு மகளைப் பார்க்கப் போனபோது சம்பந்தியம்மா தேத்தண்ணீரை என் கையில் தந்துவிட்டு மெதுவாகத் தொடங்கினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட வீடு பழைய வீடு. நிலத்தாலை குளிர் ஏறும். தை மாசத்துப் பிள்ளை. இஞ்சை எங்களோடையே இருக்கட்டுமே."

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வருடம் முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவர். ஜெர்மன் பாசையில் அதிகாரிகளையே அதட்டுவார். அவர் வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், தூசியும் அனுமதி கேட்டுத்தான் விழும். அப்படிப்பட்டவர் என் வீட்டைக் குளிர் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"பழைய வீடெண்டாலும் ஹைசுங் நல்ல ஹைசுங்" என்றேன். "இருபத்தைஞ்சு பாகை நிக்கும்."

"இருபத்தைஞ்சோ?"

"இருபத்தைஞ்சு."

அந்த எண் எந்த வழியால் என் வாய்க்குள் வந்தது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டில் கணவர் இருபதுக்கு மேலே திருகவே விடுவதில்லை. மருமகன் தாயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தன் தேத்தண்ணீரையும் பார்த்தார். "அப்ப மாமி, இருபத்தைஞ்சு எண்டால் சரி. நாங்கள் அங்கை வாறம்" என்றார். வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த முறை போனபோது சம்பந்தியம்மா எனக்கு ஒரு பரிசு தந்தார். சுவரில் மாட்டுகிற வெப்பமானி. எண்கள் உள்ளங்கை அளவு. "ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ அக்கா, பிள்ளை வரமுன்னம் பழகிப்போடும்" என்றார். யாருக்குப் பழகும் என்று நான் கேட்கவில்லை. பின்னேரங்களில் கணவர் காணாமல் ஹைசுங்கைத் திருகி ஏற்றி, படம் எடுத்ததும் திரும்ப இறக்கிவிடுவேன்.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விடிய வெளியே வந்து பார்த்தால் முற்றமெல்லாம் உறைபனி, மேலே சுத்தமான நீல வானம், சூரியன் வேறு வஞ்சகமில்லாமல் வந்து நிற்கிறது. வெளியில்தான் பொங்க வேண்டும், கிழக்கைப் பார்த்துப் பொங்க வேண்டும். புல்லில் நெருப்பு வைக்க ஏலாது. கல்லில் வைத்தால் கல் வெடிக்கும். முற்றத்திலேயே தட்டையாக, காய்ந்து, நெருப்புக்கு அஞ்சாமல் இருந்த ஒரே இடம் என் இரும்பு மூடிதான். அதன்மேல் மாக்கோலம் போட்டு, மூன்று செங்கல் வைத்து, பானையை ஏற்றினேன்.

கணவர் ஒரு வாளி தண்ணீரோடு வந்து தன் குடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"எண்ணெய் இருக்கிற இடம். ஒரு நெருப்புப் பொறி பறந்தாலும் ஆபத்து. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

பால் பொங்கி வழிந்தது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. அரிசியும் வறுத்த பயறும் போட்டு, அவிந்து வர சர்க்கரை, கஜு, ஒரு கை நிறையப் பிளம்ஸ் என்கிற உலர்திராட்சை எல்லாம் போட்டுக் கிளறும் நேரம் பார்த்து கணவரின் பொக்கற்றில் ரெலிபோன் அடித்தது. மருமகன்.

"மாமி! பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்!"

திரையில் ஒரு சிவந்த முகம். கண் மூடியிருக்கிறது. வாய் மட்டும் யாரோடோ கோபித்துக்கொண்டதைப்போலக் குவிந்திருக்கிறது. என் வாய். சத்தியமாக என் வாய்! நான் அகப்பையைத் தூக்கிக்கொண்டு துள்ளினேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண் உறைபனியில் இப்படித் துள்ளக்கூடாது, ஆனால் துள்ளினேன். கணவர் அழுதார், சிரித்தார், வாளியைக் கீழே வைக்க மறந்து வாளியோடேயே அழுதார். பானையை இருவரும் மறந்துபோனோம். அது இரண்டாம் தரமும் பொங்கியது. திரும்பிப் பார்த்தபோது கால்வாசிப் பொங்கல் மூடியில் பரவி, பிளம்ஸும் கஜுவும் விளிம்பைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் நல்ல சகுனம் என்றேன் நான். மிச்சப் பொங்கலை இறக்கிப் படைத்துவிட்டு, கணவரின் வாளியைப் பிடுங்கி நெருப்பில் ஊற்றினேன். பிறகு மூன்று வாளி சுடுதண்ணீர் கொண்டுவந்து தும்புக்கட்டையால் தேய்த்து, எல்லாவற்றையும் உள்ளே அனுப்பினேன். களுக், களுக், களுக். அன்றைக்கு அந்தச் சத்தம்கூடப் பேத்தியை வரவேற்கிற மேளமாகத்தான் என் காதில் விழுந்தது.

நாலாம் நாள் மகளும் பிள்ளையும் வருவதாகப் பேச்சு. இரண்டாம் நாள் காலையில் எழும்பிக் காலை நிலத்தில் வைத்தேன், உடனே திரும்ப எடுத்தேன். சுவரோரம் இருந்த ஹைசுங் தகடுகள் எல்லாம் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தன. கணவர் நிலவறைக்கு ஓடினார். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானை அமத்தினால் இருமி இருமி ஒருமுறை பற்றும், பிறகு அணைந்துவிடும். பத்துத் தரம் அமத்தினார். பதினோராம் தரம் அது இருமவும் இல்லை.

"தாங்கியிலை தண்ணியோ?" என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதையாதையும்" என்றார். "ரெண்டு வரியமாய் ஒரு சொட்டு விட்டனானோ?"

உண்மைதான், குடை அப்படியே நிமிர்ந்து நின்றது.

மத்தியானம் வெப்பமானி பத்தொன்பது காட்டியது. பின்னேரம் பதினேழு. படம் அனுப்பும் நேரம் நெருங்கியது. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பதினேழு வுப்பர்டாலுக்குப் போனால் என் பேத்தி ஹம்முக்கு வரமாட்டாள். முப்பத்தொரு நாளும் நான் றெயினில் போய் விருந்தாளி மாதிரி நுனிக்கதிரையில் இருந்து அவளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தேன். ஆவிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தேன். அது முப்பத்தொன்றுக்குப் பாய்ந்தது. பொறுத்திருந்தேன். முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு என்று இறங்கி, இருபத்தைந்தில் கால் வைத்த நொடியில் படத்தை எடுத்தேன்.

உடனே பதில் வந்தது. "நல்லம் அக்கா. ஆனால் ஏன் படத்திலை பனிப்புகார் மாதிரிக் கிடக்கு?"

"சமைக்கிறன்" என்று எழுதினேன். அது பொய்யில்லை.

இதற்கிடையில் நான் ஹைசுங் திருத்துகிறவர்கள் எல்லாருக்கும் ரெலிபோன் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: வந்து பார்க்கிற நாள், டெர்மின், அடுத்த கிழமைதான். கடைசியில் பக்கத்துக் கிராமத்தில் தனியாகத் தொழில் நடத்தும் பெண் ஒருவர் ரெலிபோனை எடுத்தார். பிறந்து இரண்டு நாளான பிள்ளை, என்று தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, இலக்கணம் எல்லாம் போய்விட்டது. அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, நாளைக்குக் காலை ஒன்பது மணி என்றார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். உயரமான பெண், நீல வேலையுடுப்பு, என் வயதுதான் இருக்கும். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு ரெலிபோன் அடித்தது. சம்பந்தியம்மா.

"அக்கா, நான் ஹம் ஸ்டேசனிலை நிக்கிறன். காயச் சரக்கெல்லாம் இடிச்சுக் கொண்டு வந்திட்டன். பஸ்ஸிலை வாறன், நீங்கள் அலையவேண்டாம்."

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்க வேண்டும், அதை இடித்துக் கொண்டுவந்தது பெரிய மனசுதான். ஆனால் வீட்டுக்குள் பதின்மூன்று பாகை. நான் கோட்டுக்கு மேலே கோட்டுப் போட்டிருந்தேன். கணவர் தலையில் மப்ளரால் முண்டாசு கட்டியிருந்தார். பஸ் வர இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் ஒரு வீட்டைப் பன்னிரண்டு பாகை ஏற்ற எந்தத் தெய்வத்தால் முடியும்?

திருத்த வந்த பெண் நிலவறையில் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினார். எண்ணெய் அதன் வழியாக வடிந்துதான் இயந்திரத்துக்குப் போகுமாம். மேலே எண்ணெய் சிவப்பாகத் தெளிந்து நின்றது. அடியில் பால் கலந்த மாதிரி ஒரு வெள்ளைப் படை. தண்ணீர், என்றார். தாங்கியின் மூடி எங்கே?

கணவர் முன்னே நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. குடையைப் பிடுங்கினார், செங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார், படங்கைத் திரை விலக்குகிற மாதிரி விலக்கினார். கீழே இருந்த மூடி புதுசுபோல உலர்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அந்தப் பெண் கொக்கியைப் போட்டு அதைத் தூக்கினார். உள்ளே ஒரு குழாயும் கொஞ்சம் காய்ந்த இலைகளும். அவர் குழியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். பிறகு, இது முற்றத்து மழைத்தண்ணீர் ஓடும் குழி, இதை ஏன் குடை வைத்து மூடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

கணவரின் நெஞ்சு மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது.

அந்தப் பெண் மற்ற மூடியைப் பார்த்தார். அதில் வட்டமாகக் கரி பிடித்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் மாக்கோலம் மிச்சமிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சூரியனைப் பார்த்தேன். மூடி மேலே வந்தது. ஒரு ஆள் இறங்கக்கூடிய குழி, முக்கால்வாசிக்குத் தண்ணீர். அதற்குள் இரண்டு வருடத்து மீன் செதில், திரைச்சீலைச் சோப்பு, மேலே நன்றாக ஊறி உருண்டையாகிய பிளம்ஸ், கஜு, சோறு. அடியில், அந்தத் தண்ணீருக்குள் மூழ்கி, தாங்கியின் உண்மையான வாய். அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வயது போய் வெடித்துப்போயிருந்தது.

"இதென்னக்கா, பிளம்ஸ் மிதக்குது?"

பின்கதவில் சம்பந்தியம்மா. கையில் சரக்குப் பை. எந்த நேரம் வந்தாரோ தெரியாது.

திருத்த வந்த பெண் என்னிடம், இது என்ன என்று ஜெர்மனில் கேட்டார். பொங்கலுக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தேடினேன். சம்பந்தியம்மா பையை வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார். அதிகாரிகளை அதட்டும் அதே குரலில், இது சூரியனுக்கு நன்றி சொல்லிப் படைக்கும் சாப்பாடு, பானையிலிருந்து வழிவது நல்ல சகுனம் என்று விளக்கினார். யாருக்கு நல்லது, என்று கேட்டார் அந்தப் பெண். பிறகு கரியைக் காட்டி, இந்த எண்ணெய் சுலபத்தில் பற்றாது, பற்றியிருந்தால் உங்கள் நன்றியைச் சூரியனிடம் நேரிலேயே போய்ச் சொல்லியிருக்கலாம் என்றார். கணவர் கதிரை தேடினார்.

குழியில் நின்ற தண்ணீரைப் பம்பியால் இறைத்து வாயைத் திறந்த பிறகு, அந்தப் பெண் நீண்ட அளவுகம்பி ஒன்றின் நுனியில் மஞ்சள் நிறப் பசை பூசித் தாங்கிக்குள் இறக்கினார். எண்ணெய் பட்டால் பசை மாறாது, தண்ணீர் பட்டால் மாறும். கம்பி மேலே வந்தது. நுனியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மஞ்சள் செக்கச்சிவந்திருந்தது, மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்த மாதிரி.

"ஆராத்தி" என்றார் சம்பந்தியம்மா, தனக்குள்.

இனி என்ன, முடிந்தது என்று நினைத்தேன். அவர் உள்ளே போனார், நான் பின்னால் போனேன். வெப்பமானியின் முன்னால் நின்றார். பதின்மூன்று. திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப நேற்று வந்த படம்?"

"சோத்துப் பானை" என்றேன். "ஆவியிலை பிடிச்சனான்." மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்குப் பிள்ளையை இஞ்சை கொண்டுவர ஆசை. வேறை ஒண்டுமில்லை."

அவர் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த என் வாளியின்மேல் இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்து குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், கண்ணீர் வடிய, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இருங்கோ அக்கா. நான் ஒண்டு சொல்லுறன். என்ரை மோனுக்குக்கூடத் தெரியாது" என்றார். "நான் இஞ்சை வந்து முதல் எடுத்த வீடு மூண்டாம் மாடி. வெள்ளிக்கிழமை, வீடு கழுவவேணுமெல்லோ? குளியலறையிலை இருந்து வாசல்மட்டும் ஏழு வாளி ஊத்தித் தும்புக்கட்டையாலை தேய்ச்சன். தண்ணி எங்கை போகுதெண்டு பாக்கேல்லை. கதவிலை தட்டினது. கீழ் வீட்டு மனிசன். பாதி முகத்திலை சவரச் சோப்பு, மற்றப் பாதியிலை எங்கட வீட்டுத் தண்ணி."

"பிறகு?"

"பிறகென்ன, அந்த நாளிலை இருந்து நான் ஒழுங்கான ஆள்."

நானும் அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், சிரிப்போம், நிறுத்துவோம், திரும்பச் சிரிப்போம். குளிரில் வாயிலிருந்து புகை புகையாக வந்தது. மூன்று வருடம் நான் பயந்துகொண்டிருந்த மனுசி இவர்தானா! அந்த நிமிடம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் மூளை தட்டிவிட்டது என்று முடிவெடுத்துத் திரும்பிப் போனார்.

தாங்கியின் அடியை இறைக்கத் தனி லொறி வேண்டுமாம், அது அடுத்த கிழமைதான். ஆனால் திருத்த வந்த பெண் கெட்டிக்காரி. இருபது லீற்றர் எண்ணெய்க் கான் ஒன்றை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார், தாங்கிக் குழாயைக் கழற்றிக் கானுக்குள் விட்டார், வடிகட்டியை மாற்றினார், எதையோ திருகினார். பொத்தானை அமத்தினார். இயந்திரம் ஒருமுறை இருமியது. பிறகு ஊதத் தொடங்கியது. நிலவறைப் படியில் வரிசையாக நின்ற நாங்கள் மூவரும் கை தட்டினோம். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. போகும்போது தாங்கியின் வாய்க்குப் புது ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார், மூடியின் விளிம்பையும் அடைத்தார். கணவரைத் தனியே அழைத்து, இதுதான் தாங்கி என்று விரலால் இரண்டு தரம் காட்டினார்.

பழைய வீடு உடனே சூடாகாது, சுவர் முழுக்கக் குளிரைக் குடித்திருக்கும். சம்பந்தியம்மா அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினோம். பிள்ளையின் விரிப்புகளை நான் இஸ்திரிக்கை போட்டுப் போட்டுச் சூடாக்கினேன், அவர் மடித்து மடித்து மெத்தைக்குள் வைத்தார். மணிக்கொரு தரம் இரண்டு பேரும் வெப்பமானிக்கு முன்னால் போய் நிற்போம். பதினாறு. பதினெட்டு. ஒவ்வொரு பாகைக்கும் ஒரு தேத்தண்ணீர் குடித்தோம்.

நாலாம் நாள் பதினொரு மணிக்குக் கார் வந்தது. அப்போது இருபத்தொன்று. அதற்கு மேலே ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது.

நான் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைப் போட்டேன். அது சிவந்ததும் எனக்கு அளவுகம்பி ஞாபகம் வந்து சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மகள் வாசலில் நின்றாள், மெலிந்து, கண்ணுக்குக் கீழே கருத்து, என் பிள்ளை. அவள் கையில் அந்தக் கோபக்கார வாய். ஆராத்தி சுற்றும்போது தட்டு தளும்பியது. பொட்டு வைத்து அவர்களை உள்ளே விட்டேன். தட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவோம் என்று திரும்பினேன். இரண்டு வருடப் பழக்கம், என்ன செய்வது? வீட்டைச் சுற்றிக்கொண்டு கால் தானாகவே பின்முற்றத்துக்குப் போய்விட்டது.

"ஊத்தாதேங்கோ!"

"ஐயோ, ஊத்தாதையும்!"

சம்பந்தியம்மா பின்கதவால் ஓடிவந்தார். கணவர் அவரையும் முந்திக்கொண்டு வந்து கடற்கரைக் குடையை விரித்து மூடிக்குமேலே பிடித்தார். இந்த முறை சரியான மூடிக்கு மேலே. சம்பந்தியம்மா என் முழங்கையைப் பிடித்து வேலியோரத்துச் செடியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தட்டை இரண்டு பேருமாகப் பிடித்து அங்கே ஊற்றினோம்.

உள்ளே வந்தபோது மகள் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தாள். மருமகன் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல், தாயைக் கேட்டார்.

"அம்மா, எத்தினை பாகை?"

சம்பந்தியம்மா சுவரடிக்குப் போனார். வெப்பமானியைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கள் யாருக்கும் தெரியாதபடி நெஞ்சோடு பிடித்துப் பார்த்தார். அதில் இருபத்தொன்று இருப்பது எனக்குத் தெரியும்.

"இருபத்தைஞ்சு" என்றார். "அக்கா சொன்னது சொன்னபடி."

வெப்பமானியைத் தன் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினார். மருமகன் தன் கோட்டைக் கழற்றினார். என் பேத்தி அந்த இருபத்தைந்தை நம்பி, வாயைக் குவித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் முதல் நித்திரையைத் தொடங்கினாள்.